மருதாயி உள்ளங்கையில் ஏறிய புழு

வெகு காலத்துக்கு முன்னால், மலையெல்லாம் மந்திரவாதிகளுக்கு, தரையெல்லாம் மனிதர்களுக்கு என்று இருந்த காலத்தில், வேங்கைநாடு என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே மருதாயி என்று ஒருத்தி. அவள் வீட்டுக் கொல்லையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கைக்குட்டை அளவு நிலம்தான். அதில் கத்தரி, அவரை, ஒரு எலுமிச்சை, வேலியோரமெல்லாம் துலுக்கச் சாமந்தி. ராஜாவின் தோட்டத்தில் நாற்பது பேர் பாடுபட்டும் கத்தரிக்காய் பாதிக்குப் பாதி சொத்தை. மருதாயியும் அவள் புருஷனும் இரண்டே பேர். காயெல்லாம் கண்ணாடி போல மின்னும்.

மலைமேல் இருந்த கரடுமுகன் என்ற மந்திரவாதிக்கு இது பொறுக்கவில்லை. அவன் கை தட்டினால் தங்கம் விளையும். ஒரு கத்தரிக்காய் விளையாது. ஒருநாள் காலை இறங்கி வந்தான். கொல்லையில் தனியாக இருந்த மருதாயியின் புருஷனிடம் என்ன ரகசியம் என்று கேட்டான். தினமும் இலையைத் திருப்பிப் பார்ப்போம், அவ்வளவுதான் என்றான் அந்த அப்பாவி. மந்திரவாதிகளுக்கு எளிய பதில் பிடிக்காது. தன்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்துக் கரடுமுகன் கோலைச் சுழற்றிவிட்டான்.

சந்தையிலிருந்து வந்த மருதாயியை வாசலிலேயே மறித்தான்.

"உன் புருஷனை இந்தக் கொல்லையில் ஒரு பூச்சியாக விட்டிருக்கிறேன். மூன்று நாள் தவணை. கையில் ஏந்திப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மனிதனாவான். ஒரே தடவைதான் கூப்பிடலாம். தப்பான பூச்சியைக் கூப்பிட்டாலோ, உன் கையாலேயே அவனை நசுக்கினாலோ, அதோடு சரி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிக்க அவனுக்கு இரண்டு காரணம் இருந்தது. செடி வளர்ப்பவர்களின் கை, பூச்சியைக் கண்டதும் தானாகவே நசுக்கும். அது ஒன்று. அந்த நாட்டில் பெண்கள் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அது இரண்டு. பதினோரு வருஷத்தில் மருதாயி ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவள் சொல்லாத பெயரை நானும் இப்போது சொல்லப்போவதில்லை.

முதல் நாள், கரடுமுகன் அவரைக்கொடி முழுக்க அசுவினிப் பூச்சியை ஏவினான். பச்சைப் பச்சையாய்த் தண்டு தெரியாமல் அப்பியிருந்தது. பக்கத்து வீட்டு அஞ்சலை ஓடிவந்து, இதில் எதடி உன் வீட்டுக்காரர் என்று அழுதாள். மருதாயி அழவில்லை. இலையைத் திருப்பினாள், அடியைப் பார்த்தாள், அப்புறம்தான் கையை நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரு கூட்டத்தோட உக்காந்து உறிஞ்சுற ஆளில்ல," என்றாள். எட்டிய மட்டும் தண்ணீரை விசிறி அடித்துக் கழுவினாள். மிச்சத்துக்கு வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த சாற்றைத் தெளித்தாள்.

இரண்டாம் நாள், கத்தரியில் மாவுப்பூச்சி. கணுவுக்குக் கணு வெள்ளைப் பஞ்சு. அதைச் சுற்றி எறும்புகள் காவல். இலையைத் திருப்பினாள், அடியைப் பார்த்தாள், அப்புறம்தான் கையை நீட்டினாள். எறும்பைக் காவலுக்கு வைத்துக்கொண்டு வெள்ளையும் சொள்ளையுமாக உட்கார்ந்து தின்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று சொல்லி, துணியை நனைத்துத் துடைத்தெடுத்தாள். எறும்பு ஏறாமல் செடியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவினாள்.

மூன்றாம் நாள் கரடுமுகனே வேலிக்கு வெளியே வந்து நின்றான். எலுமிச்சையைச் சுற்றி ஒரு வண்ணத்துப்பூச்சி பறந்தது. அப்படி ஒரு அழகு. இவர்தாண்டி, கூப்பிடு, கூப்பிடு என்று அஞ்சலை துடித்தாள். மருதாயி இலையைத் திருப்பினாள், அடியைப் பார்த்தாள். அங்கே முத்து முத்தாக முட்டைகள். நாளைக்கு அத்தனையும் புழுவாகித் தளிரைத் தின்னும். பிள்ளைகளை இங்கே போட்டுவிட்டுப் பறந்து போகிறவர் அவரில்லை என்று முட்டையிருந்த இலைகளைக் கிள்ளிப் போட்டாள்.

பொழுது சாயத் தொடங்கியது. அவரைக்கொடியின் உச்சியில், அவள் அடித்த தண்ணீர் படாமல் தப்பிய கொத்தில், ஒரு புழு ஊர்ந்தது. கறுப்பு. உடம்பெல்லாம் முள். நடுவே ஆரஞ்சுப் புள்ளி. மருதாயியின் கை பழக்கத்தில் எழுந்துவிட்டது. விரல் புழுவைத் தொட ஒரு நூல் இடைவெளி. வேலிக்கு வெளியே கரடுமுகன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அந்த விரலை நிறுத்தினாளே, அதற்காகவே அவளை நான் கும்பிடுவேன். நிறுத்தி, இலையைத் திருப்பிப் பார்த்தாள். புழு இலையைத் தொடவே இல்லை. அசுவினிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. அந்தக் கொத்தின் அடி இலையில் தொடங்கி, ஒன்று முடித்தபிறகே அடுத்தது என்று மேலே ஏறியது. அவள் புருஷன் களை எடுப்பதும் அப்படித்தான்.

உள்ளங்கையை நீட்டினாள். புழு ஏறிக்கொண்டது. பெயர் தொண்டை வரை வந்து நின்றது. முகமெல்லாம் சிவந்தது. அஞ்சலை காதைப் பொத்திக்கொண்டாள்.

"வீரபாகு," என்றாள் மருதாயி.

கையில் புழு இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீரபாகு நின்றான்.

மருதாயி அப்போதுதான் அழுதாள். "இந்தப் புழுவ நான் கண்ட எடமெல்லாம் நசுக்கியிருக்கேன். நம்ம செடியக் காக்க வந்ததுன்னு தெரியலையே," என்றாள்.

மந்திரம் தோற்றதும் கரடுமுகன் கோல் வெறும் குச்சியாயிற்று. மலைமேல் தங்கமெல்லாம் மண்ணாயிற்று. வெறுங்கையோடு நின்றவனைப் பார்த்த மருதாயி, இனி மண்தானே இருக்கிறது, விதைத்துப் பார் என்று ஒரு பிடி கத்தரி விதை கொடுத்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்கமாட்டேன். ராஜா விஷயம் கேள்விப்பட்டுத் தன் தோட்டத்தையே அவர்கள் பொறுப்பில் விட்டார். பூச்சி எதுவானாலும் பார்த்துவிட்டே கையை வைக்கவேண்டும் என்று நாடெங்கும் முரசறைந்தார்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எல்லாரும் போனதும் வீரபாகு அவளருகில் உட்கார்ந்தான்.

"எம் பேர இன்னொரு தடவ சொல்லு," என்றான்.

மருதாயி வேலிப்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள். மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் சொன்னாள்.