நிறைமங்கலத்தில் எல்லாம் நிறைஞ்சிருக்கு

செவ்வந்தி நாட்டை ஆண்ட அதிரூபசேனனுக்கு மங்கலப் பைத்தியம். புதுத் தலைநகருக்கு நிறைமங்கலம் என்று பெயர் வைத்தான். பஞ்சத்தில் அந்த ஊரே சுருண்டு கிடந்தது. ஆனால் வாயைத் திறக்க முடியுமா? அமங்கலமாக ஒரு வார்த்தை வந்தால் நாக்கை அறுத்துவிடுவார்கள்.

பக்கத்து நாட்டுத் தூதர் விருந்துக்கு வந்தார். "ஊர் எப்படி இருக்கிறது? நீங்கள் வேண்டாம், எச்சில் இலை எடுக்கிற இந்த அம்மா சொல்லட்டும்" என்றார்.

ராஜா, இலை எடுக்க நின்ற வடிவியை முறைத்தான். "உண்மையைச் சொல்லு. அமங்கலமாய் ஒன்று வந்தாலும் நாக்கு போகும்."

வடிவி தன் புருஷனைப் புதைத்த மண்ணின் ஈரம்கூட இன்னும் காயவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"வீட்டுக்கு வீடு அரிசி நிறைஞ்சிருக்கு சாமி. பொழுது சாயும்போதே விளக்கெல்லாம் மலையேறிடுது. தெருவுக்குத் தெரு பொம்பளைங்களுக்குத் தாலி பெருகிடுச்சு. எனக்கும்தான்."

ராஜா பூரித்துப்போய் மீசையை முறுக்கினான். தூதரோ கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார்.

"மகாராஜா, எங்கள் வீட்டுப் பெண்களும் அரிசி தீர்ந்தால் நிறைஞ்சிருக்கு என்பார்கள். விளக்கு அணைந்தால் மலையேறிடுச்சு. தாலி அறுந்தால் பெருகிடுச்சு."

ராஜா குதித்தான். "இனி இந்த வார்த்தைகளையும் என் ஊரில் யாரும் சொல்லக்கூடாது!"

"ஆகட்டும் சாமி" என்று வடிவி குனிந்து, தூதர் சாப்பிடாமல் வைத்த சோற்றோடு இலையை மடித்தாள். "கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க. அப்புறம் சொல்றதுக்கு ஊர்ல ஆளும் நிறைஞ்சிருக்கும்."