அவள் பாட வேண்டிய அடி

சோலையப்பனுக்கு அன்று காலையிலிருந்தே மனசு ஒரு நிலையில் இல்லை. பிரிந்துபோன பெண்சாதியைப் பார்க்கப் போய்விடலாம் என்று துண்டை உதறித் தோளில் போடுவான். வேண்டாம் என்று மறுபடி கொடியில் போடுவான்.

ஊர் ஊராகப் போய் எசப்பாட்டுப் பாடியவன் அவன். இவன் ஓர் அடி பாட, எதிரே நின்று பெண்சாதி வெள்ளத்தாயி பதில் அடி பாடுவாள். பதில் வராமல் நின்றவர் தோற்றவர். ஒரு கோயில் கொடைத் திருவிழாவில், ஜெயிக்கிற வெறியில், பிள்ளையில்லாதவளைப் பார்த்து மலடி என்று பாடிவிட்டான். கூட்டம் சிரித்தது. வெள்ளத்தாயி வாயடைத்து நின்றாள். இவன் கழுத்தில் மாலை விழுந்தது. அவளோ மேடையிலிருந்து இறங்கி நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதோடு அவனுக்கு மேடையும் கசந்துவிட்டது. ஆற்றங்கரை மடத்துச் சடைச்சியம்மாவிடம் வந்து சேர்ந்தான். அம்மா அவனைவிட வயதில் இளையவள்தான். ஆனாலும் அவனுக்கு அவள்தான் குரு.

"தாயே, அவ என்னைச் சேத்துக்குவாளா?"

அம்மா கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட என்ன கொண்டு போற?"

"ஒரு பாட்டு கட்டியிருக்கேன் தாயே."

"பாடு, கேப்போம்."

சோலையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினான்.

"வாசப்படி வந்து நின்னேன், வாய்தவறிப் பேசிப்புட்டேன்,
ஏசினது நாக்குத்தாண்டி, எம்மனசு இல்ல கண்ணே."

பிறகு குரலை மெலிதாக்கி, அவள் அடியையும் அவனே பாடினான்.

"போனதெல்லாம் போகட்டும் மச்சான், புழுங்குதையா எம்மனசும்,
சோறாக்கி வச்சிருக்கேன், சேந்திருப்போம் உள்ள வாங்க."

பாடும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குப்பா. உக்காரு, கூழு குடி."

அவன் கும்பாவோடு உட்கார்ந்தான். அம்மா கூழை ஊற்றவில்லை.

"சோலை, கூழு குடிச்சியா?" என்று கேட்டாள். உடனே குரலைத் தடிப்பாக்கி, "குடிச்சேன் தாயே" என்று அவளே பதிலும் சொன்னாள்.

"உப்பு போதுமா?"

"தேனாட்டம் இருக்கு தாயே." மறுபடி அம்மாவின் அதே தடித்த குரல்.

"இன்னும் கொஞ்சம்?"

"வயிறு ரொம்பிருச்சு தாயே."

பானையைத் தூக்கிக்கொண்டு அம்மா உள்ளே நடந்தாள்.

"தாயே! நான் இன்னும் வாயிலயே வைக்கலியே!"

"நீதானே வயிறு ரொம்பிருச்சுன்ன?"

"நான் எங்க சொன்னேன்? நீங்களே கேட்டீங்க, நீங்களே சொல்லிக்கிட்டீங்க!"

"அப்படியா?"

சோலையப்பனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெறும் கும்பாவைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். விளையாடுகிறாளா, கோபமா என்றுகூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் முகம் சுருங்கிற்று.

"அப்போ... அவ அடியை நான் கட்டியிருக்கக் கூடாதா?"

அம்மா திரும்பி வந்து கும்பா நிறையக் கூழ் ஊற்றினாள்.

அவனுக்குக் குழப்பம் தீரவில்லை. கூழைத் தொடாமலே கேட்டான்.

"பாதிப் பாட்டை வச்சுக்கிட்டு எப்படித் தாயே போய் நிக்கிறது? அவ கண்டபடி ஏசினா?"

"கேளு."

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்து அழுதா?"

"கேளு."

"ஒண்ணுமே சொல்லலேன்னா? சும்மா என்னையே பாத்துக்கிட்டு நின்னுட்டான்னா?"

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அதையும் கேளு."