பின்பாதி

சிவனணைந்தான் தன் அப்பாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது வெற்றிலைக் கொடிக்காலில்.

அப்பா வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். கிள்ளுவதற்காகக் கட்டைவிரலில் இரும்பு நகம் மாட்டியிருந்தார்.

"ஏலே, அந்தப் புஸ்தகத்துல அப்படி என்னதாம்ல இருக்கு?"

"உங்களுக்குப் புரியாதுப்பா."

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு அவனுக்குப் பத்தொன்பது வயது. சாயங்கால பஸ்ஸில் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

நாற்பத்தோரு வருஷம் கழித்து, ஆற்றங்கரை மடத்துச் சாமியின் முன்னால் சிவனணைந்தான் உட்கார்ந்திருந்தார்.

சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். காவி கட்டுவதற்கு முன் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர்.

"ஒரு புஸ்தகம் படிச்சேன் சாமி. கடவுளும் இல்ல, சடங்கும் இல்லன்னு ஆயிட்டு. மூணு வருஷத்துல அப்பா போயிட்டாருன்னு தந்தி வந்தது. கொள்ளி வைக்க நான் போகல."

"அவர் ஏதும் சொல்லிட்டுப் போனாரா?"

"'அவனைக் கூப்பிடாதீங்க, எனக்கு ஒரு சடங்கும் வேண்டாம்'னாராம். எம்மேல அவ்வளவு கோபம். அக்காதான் மனசு கேக்காம தந்தி கொடுத்தா."

"இப்ப என்ன வேணும்?"

"வர்ற அமாவாசைக்கு அவருக்கு எள்ளும் தண்ணியும் விடலாம்னு பாக்கேன். நம்பிக்கை ஒண்ணும் வந்துடல. இருந்தாலும், விட்டா அவர் கோபம் ஆறுமா?"

சாமி வேறொன்று கேட்டார்.

"அந்தப் புஸ்தகம் இருக்கா?"

இருந்தது. வீட்டில் விட்டுவந்த புத்தகத்தை, அப்பா போன பிறகு அக்கா பார்சலில் அனுப்பியிருந்தாள். பெட்டிக்குள் போட்டவர் பார்சலைப் பிரிக்கவே இல்லை. இப்போதும் கட்டோடுதான் கொண்டுவந்திருந்தார்.

சாமி நூலை அறுத்துப் புத்தகத்தை எடுத்தார். படிக்கவில்லை. பக்கங்களின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"மடிப்பு வெட்டாம வந்த பதிப்பு."

"ஆமா. நாமதான் தாளை வெட்டி வெட்டிப் படிக்கணும்."

"எதால வெட்டினீங்க அண்ணாச்சி?"

"சவர பிளேடு."

"முழுசையுமா?"

சிவனணைந்தான் லேசாகச் சிரித்தார். "பாதிதான். அதுக்குள்ளயே எனக்கு எல்லாம் வெளங்கிட்டு."

"பாதி வெத்தலைக்கே வாய் செவந்துட்டாக்கும்."

சாமி புத்தகத்தை விரித்து நீட்டினார்.

பின்பாதியும் வெட்டியிருந்தது.

பிளேடு போன நேர்கோடு இல்லை. மடிப்பு நெடுகக் கிள்ளிக் கிள்ளி எடுத்திருந்தது. வெற்றிலைக் காம்பில் விழுகிற அதே அரைவட்ட வெட்டு.

சிவனணைந்தான் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஒரு மடிப்புகூட விட்டுப்போகவில்லை.

"அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் சாமி வாசிக்கத் தெரியும்."

"மூணு வருஷம் இருந்திருக்கே."



"அப்படின்னா, சடங்கு வேண்டாம்னு அவர் சொன்னது..."

சாமி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

கடைசிப் பக்கத்தின் கீழ் ஓரத்தில், வெற்றிலைக் கறையோடு ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது.