கறுப்புக் கல் வராத வாசல்

ஒரு ஊர்ல ஒரு ஊத்து. ஊத்துக்குப் போற வழியில மூணு வாசல், வாசலுக்கு ஒரு பூதம். கண்ணை மூடு தாயி. மாத்திரை போட்டா மத்தியானம் தூங்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அத்தை தட்டிக்கொடுக்கிறேன், நீ ம் கொட்டு, போதும்.

"ம்."

அந்த ஊர்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. அக்கா ஒச்சம்மா, தங்கச்சி மயிலு. ஒருநாள் காலைல மயிலு குடத்தைத் தூக்கிக்கிட்டு ஊத்துக்குப் போனா. உச்சி வெயிலாச்சு, திரும்பி வரல. அப்போ பக்கத்து வீட்டுக்காரி சொன்னா, "பூதம் உக்கார வச்சிருக்கும்டி. பொழுது சாயறதுக்குள்ள கூட்டிட்டு வந்துரு. சாஞ்சிருச்சுன்னா அவளுக்கு வீடே மறந்துபோகும்."

ஒச்சம்மா செருப்புக்கூட போடாம விறுவிறுன்னு நடந்தா.

மொத வாசல்ல ஒரு பூதம் நறநறன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. முன்னாடி ஒரு தட்டு, தட்டுல பன்னெண்டு அதிரசம்.

"எத்தனை பேருன்னு நீ சொல்லு, அரை ஆளு கால் ஆளுன்னாலும் சரி. ஆளுக்கு எவ்வளவுன்னு நான் பங்கு வச்சுச் சொல்வேன். அதான் என் வேலை. எந்த எண்ணு எனக்குள்ள போகாது, எந்த எண்ணு என்கிட்டேருந்து வராது? ரெண்டும் சொன்னா கதவைத் திறப்பேன்."

"நாலு பேரு"ன்னா ஒச்சம்மா. "மூணு"ன்னுச்சு பூதம். "இருவத்தி நாலு." "அரை." அப்புறம் அவளுக்குத் தோணுச்சு, இப்படி ஒண்ணொண்ணா கேட்டா விடிய விடிய கேக்கணும், எண்ணுக்கு ஏது முடிவு? இது செய்யிற வேலை எங்க முட்டும்னு பாப்போம்.

"ஆளே இல்லன்னா?"

பூதம் ஒரு அதிரசத்தை எடுத்துச்சு, திரும்பத் தட்டுலயே வச்சுச்சு. தட்டு கடகடன்னு ஆடுச்சு. யாருக்குன்னு பங்கு வைக்கும்?

"உனக்குள்ள சைபர் போகாது. வராததும் சைபர்தான். உலகத்துக்கே பங்கு வச்சாலும் ஆளுக்கு ஒரு துணுக்காவது வந்துரும், வெறுங்கையோட யாரும் போக மாட்டாங்க."

கிரீச்னு கதவு திறந்துச்சு.

"அவளுக்கு ஒரு அதிரசம் குடுத்துச்சா?"

இல்ல. பூதம் எங்க குடுக்கும்?

"ம்."

அப்புறம் ரெண்டாவது வாசல். அங்க வெள்ளைக் கல்லு ஒரு குமி, கறுப்புக் கல்லு ஒரு குமி. வெள்ளைன்னா இருக்கிறது, கறுப்புன்னா குறையிறது. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேந்தா ரெண்டுமே காணாமப் போயிரும். அந்தப் பூதத்துக்கு ஒம்போது வெள்ளை கொடுத்தா டக் டக் டக்னு சதுரமா தரை பாவி, ஒரு பக்கத்துக்கு மூணுன்னு மூணு கல்லை நீட்டும். ரெண்டு கொடுத்தாலும் விடாது, உடைச்சு, தேச்சு, எப்படியாவது சதுரம் ஆக்கிரும்.

"போகாதது எது? வராதது எது?"

"கறுப்பு போகாது. இல்லாத கல்லை வச்சு எப்படித் தரை பாவுவ? வர்றதும் கறுப்பா வராது. பக்கத்தோட நீளம் எங்கயாவது குறையில இருக்குமா?"

கிரீச்.

"அந்த அக்கா ரொம்ப புத்திசாலியா?"

அப்படியெல்லாம் இல்ல. வேலை என்னன்னு பாத்தா, அவ்வளவுதான். நீ பெரிய கிளாஸ் போனா உள்ள போறதையெல்லாம் சேத்து மதிப்பகம்னும், வெளிய வர்றதையெல்லாம் சேத்து வீச்சகம்னும் எழுதச் சொல்லுவாங்க. பூதத்துக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது.

"ம்."

அப்புறம் மூணாவது வாசல். அங்க ஒரு கூட்டமே உக்காந்திருந்துச்சு. ஆளாளுக்குக் கல்லை எடுத்து பூதத்தோட வாயில போடுறாங்க, ணங், ணங். அந்தப் பூதம் போட்ட எண்ணை அதே எண்ணால பெருக்கி வெளிய தள்ளும். கூட்டத்துக்கு நடுவுல மயிலு. பக்கத்துல காலிக் குடம்.

"எதைப் போட்டாலும் எனக்குள்ள போகும்"னுச்சு பூதம். "ஒரே ஒரு கறுப்புக் கல்லு வெளிய வரட்டும். எல்லாரையும் அனுப்பிர்றேன்."

மயிலு மூணு வெள்ளை போட்டா. ஒம்போது வெள்ளை வந்துச்சு. மூணு கறுப்பு போட்டா. அதுக்கும் ஒம்போது வெள்ளை.

"மயிலு, எந்திரிடி."

"இரு அக்கா. அடுத்ததுல வந்துரும்."

பக்கத்துல ஒரு வாத்தியாரு. "பதினேழாயிரம் வரைக்கும் போட்டாச்சும்மா. பெரிய எண்ணுல கண்டிப்பா வரும்"னாரு.

வெயில் பனைமர உசரத்துக்கு இறங்கிருச்சு. மயிலு அடுத்த கல்லை எடுத்தா. ஒச்சம்மா அவ கையைப் பிடிச்சா.

"போடாத. கல்லுல எத்தனை வகை?"

"வெள்ளை. கறுப்பு."

"அப்புறம்?"

"ஒண்ணுமே போடாம வெறுங்கையை நீட்டலாம்."

"வெள்ளையை வெள்ளையால பெருக்கினா?"

"வெள்ளை."

"கறுப்பைக் கறுப்பால?"

"அதுவும் வெள்ளைதான் வருது."

"வெறுங்கையை நீட்டினா?"

"வெறுங்கைதான்."

"நாலாவது வகை இருக்கா?"

"அத்தை, கறுப்பும் கறுப்பும் எப்படி வெள்ளை?"

குறையை எடுத்துட்டா அது நிறைவுதானே தாயி. உனக்குக் காய்ச்சல் ஒரு குறை. அதை எடுத்துட்டா?

"நல்லாயிரும்."

அதேதான். மயிலு இன்னொரு கையில விரலை மடக்கிப் பாத்தா, மூணுதான் மடங்குச்சு. "நாலாவது இல்லக்கா"ன்னா.

"அப்ப கறுப்பு எதுலேருந்து வரும்?"

பொத்துன்னு கல்லைக் கீழ போட்டா. "காலைலேருந்து போட்டுக்கிட்டு இருந்தேன்க்கா"ன்னு அழுதா.

அப்போ ஒச்சம்மா பூதத்தைப் பாத்து, "உன்கிட்டேருந்து கறுப்பு வராது. என்னைக்குமே வராததைச் சொல்லி இத்தனை பேரை அடைச்சு வச்சிருக்க"ன்னா.

"நான் எங்க அடைச்சேன்? கதவைப் பாத்தியா?"ன்னுச்சு பூதம்.

திரும்பிப் பாத்தா, அந்த வாசலுக்குக் கதவே இல்ல. வெறும் நிலைதான் நிக்குது.

கூட்டத்துல ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வேட்டியைத் தட்டிக்கிட்டு நடந்தாங்க. வாத்தியாரு மட்டும், "நீங்க போங்கம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வந்துர்றேன்"னாரு. ஒச்சம்மா ரெண்டு தடவை கூப்பிட்டா. மூணாவது தடவை கூப்பிட நேரம் இல்ல.

வழியில அவளுக்கு ஒரு பயம் வந்துச்சு. "நம்ம வீடு எந்தப் பக்கம் பாத்திருக்கும், சொல்லு"ன்னா.

மயிலு நின்னா. பாதிச் சூரியன் உள்ள போயிருச்சு.

"கிழக்க பாத்திருக்கும்."

"ம், அப்புறம்?"

"வாசல்ல ஒரு முருங்கை நிக்கும்."

முருங்கை கொல்லையில நிக்குது. ஒச்சம்மா அதைச் சொல்லல. தங்கச்சி கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நடந்தா.

என்ன தாயி, ம் வரல?

சரி. அவங்க வீடு சேந்துட்டாங்க, கதையும் வீடு சேந்துருச்சு. தூங்கு.