நாலே கால் அடி உயர்நிலைப் பள்ளி

வேப்பங்கால்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்பதாம் வகுப்பைக் கொண்டுவந்தவர் எம்.எல்.ஏ. என்று வெள்ளிவிழா மலரில் அச்சடித்திருக்கிறார்கள். அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. கொண்டுவந்தது எங்கள் போராட்டக் குழு. அதன் செயலாளர் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களுடையது எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளி. தறிக்காரர் மாசிலாமணியின் மகள் செங்கமலம் எட்டு முடித்துவிட்டாள். அடுத்த பள்ளிக்கூடம் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி. "ஜூன் மாசம் இங்கேயே ஒன்பதாவது வந்தா படி. வரலேன்னா தறியில உக்காரு" என்று மாசிலாமணி சொல்லிவிட்டார்.

மனு போட்டோம். மறியல் செய்தோம். கடைசியில் ஒரு கடிதம் வந்தது: 'பள்ளியை உயர்த்தத் தேவையான ஆயத்தங்களைச் செய்து வைக்கவும். அதிகாரி நேரில் பார்வையிடுவார்.'

குழு கூடியது.

"எத்தனை அடி உயர்த்தணும்னு போடலியே" என்றார் தலைவர் சடையப்பர்.

"உயர்த்தறதுன்னா வகுப்பைக் கூட்டறதுங்க மாமா" என்றாள் செங்கமலம்.

"நீ எட்டாவதுதானே படிச்சிருக்கே? ஒன்பதாவது விஷயம் உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி.

மறுநாள் நாற்பது பேர் சுவரில் கைகொடுத்துத் தூக்கினோம். கட்டடம் அசையவில்லை.

"உள்ளே பிள்ளைங்க இருக்குல்ல, அந்தக் கனம்" என்றார் கொத்தனார் இருளப்பன்.

பிள்ளைகளை வெளியே அனுப்பினோம். அப்போதும் அசையவில்லை. புத்தகங்களை இறக்கினோம். அறிவியல் புத்தகம் மட்டும் ஒரு மாட்டுவண்டி பிடித்தது. அதற்குப் பிறகும் அசையவில்லை.

இருளப்பன் யோசித்தார். "பள்ளிக்கூடம் உயர மாட்டேங்குது. சரி, ஊரு இறங்கட்டும்."

கரவொலி அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஐந்து நாள் பள்ளிக்கூடத்தைச் சுற்றித் தோண்டினோம். ஆறாம் நாள் கோடைமழை பெய்து பள்ளம் நிரம்பியது. ஏழாம் நாள் அதிகாரி வந்தார்.

"என்னய்யா இது?"

"உயர்நிலைங்க. நாலே கால் அடி. வேணும்னா அளந்துக்குங்க" என்றார் தலைவர்.

தண்ணீருக்குக் குறுக்கே நாங்கள் போட்டிருந்த பலகை வழியாகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போன அதிகாரி, "நான் எழுதி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றார். உத்தரவை மதிக்கிறவர்கள் நாங்கள். பலகையை எடுத்துவிட்டோம்.

அரைமணியில் கூப்பிட்டார். "முடிச்சாச்சு. பலகையைப் போடுங்க."

"ஒன்பதாவது வருதுங்களா?"

"வராது. தகுதி இல்லைன்னு எழுதியிருக்கேன்."

"அப்ப இன்னும் முடியலீங்க" என்றார் தலைவர். "பொறுமையா எழுதுங்க, அவசரமில்லே."

மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்தது. டீ நேரமும் கழிந்தது. ஐந்தரை மணிக்கு அதிகாரி எழுதி முடித்தார். ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பு வந்தது. அடுத்த ஆண்டு பத்தும் வந்தது.

வெற்றியின் நினைவாகப் பலகையைத் தலைவர் தம் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். அதனால் பிள்ளைகள் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நீந்தித்தான் வகுப்புக்குப் போனார்கள்.

செங்கமலம் பத்து முடித்ததும், "பதினொன்று இல்லேன்னா தறி" என்று மாசிலாமணி மறுபடி ஆரம்பித்தார். பதினொன்று என்றால் மேல்நிலைப் பள்ளி வேண்டும். மறுபடியும் மனுவா என்று குழு சோர்ந்திருந்தபோது, இருளப்பன் அண்ணாந்து பார்த்தார். பஞ்சாயத்து எப்போதோ கட்டிவைத்து, பெரிய எழுத்தில் பெயரும் எழுதியிருந்தது: 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி'.

"அரசாங்கம் கொடுத்து ஒம்பது வருஷமாச்சு. நாமதான் படிக்காம தண்ணி குடிச்சிட்டிருந்தோம்" என்றார் தலைவர்.

அந்த வாரமே தொட்டிக்குள் வகுப்பு தொடங்கியது. சேர்க்கைப் படிவத்தில் ஒரே கேள்வி: நீந்தத் தெரியுமா?

முதல் இடம் செங்கமலத்துக்குத்தான். இரண்டு வருஷப் பயிற்சி.