ஈரத் தலையோடு ஒரு கையெழுத்து

கையெழுத்து வாங்குவதில் கனகவல்லியை அடிக்க ஆளில்லை. வீடுவீடாகப் போய் அழகுக்கலை வேலை செய்கிறவர்களில் பலருக்குச் சம்மதப் படிவத்தை நீட்டும்போதே கை கூசும், ஏதோ அபராதச் சீட்டை நீட்டுகிற மாதிரி. கனகவல்லிக்கு அந்தக் கூச்சமே கிடையாது. பேச்சோடு பேச்சாக வாங்கிவிடுவாள். போட்டவருக்கே போட்ட ஞாபகம் இருக்காது.

கோயம்புத்தூரில் இருபது வருஷம் சொந்தமாகப் பார்லர் நடத்தியவள் அவள். கட்டடத்தை இடித்தார்கள், பார்லரும் போயிற்று. வீட்டுக்கே போய் வேலை செய்யும் முறையை இப்போது தில்ஷாத்திடம் கற்றுக்கொண்டிருந்தாள். தில்ஷாத்துக்கு வயது முப்பதைத் தாண்டி ஒன்றோ இரண்டோ. ஆனாலும் கனகவல்லி அவரை ‘டீச்சர்’ என்பாள், அவர் இவளை ‘அக்கா’ என்பார். கேட்பவர்களுக்குத்தான் குழப்பம், அவர்கள் இருவருக்கும் இல்லை.

தில்ஷாத்திடம் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடிந்ததும் மாணவி ஒரு வீட்டு வேலையைத் தானே முழுசாகச் செய்ய வேண்டும். டீச்சர் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார். ‘போகலாம்’ என்று அவர் சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து தனியாகப் போகலாம்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கனகவல்லி காத்திருந்தாள். முதலாளியாக இருந்தவளுக்கு, நாற்பத்தாறு வயதில் இன்னொருவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அலைவது போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்று போன வீடு சிங்காநல்லூரில், அடுக்குமாடியில் மூன்றாம் தளம். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மணப்பெண் மைதிலிக்குச் சுருட்டை முடி. சும்மா சுருட்டை இல்லை, போன சீப்பைத் திருப்பித் தராத சுருட்டை. அதை நேராக்கும் ஸ்மூத்தனிங்குக்குக் கூப்பிட்டவர் பெண்ணின் அம்மா சரோஜா.

“மாப்பிள்ளை வீட்ல பொண்ணு முடி ஒரு மாதிரி இருக்குன்னு யாரோ சொன்னாங்களாமுங்க. நல்லா நேராப் பண்ணிருங்க. போட்டோவுல பளிச்சுன்னு இருக்கோணும்.”

“பண்ணிரலாமுங்க,” என்றாள் கனகவல்லி.

கை பரபரவென்று வேலையில் இறங்கியது. மைதிலியின் கழுத்தில் டவலைச் சுற்றினாள். தலையை அலசினாள். ஈர முடியைப் பிரித்துக் கிளிப் மாட்டினாள். பின்னந்தலையிலிருந்து ஒரு கற்றையை இடது கையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் படிவத்தை எடுத்து முன்னால் நீட்டினாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா ஒரு ஃபார்ம். கீழ ஒரு கையெழுத்து போட்டுரு.”

மைதிலி தலையைத் திருப்பப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணை மட்டும் அம்மா பக்கம் ஓட்டினாள். பிறகு பேனாவை வாங்கிப் போட்டுவிட்டாள். சொட்டிய தண்ணீரில் பெயரின் கடைசி எழுத்து கலைந்தது.

கனகவல்லி ஓரக்கண்ணால் டீச்சரைப் பார்த்தாள். இவ்வளவு சுளுவாக வேறு யார் வாங்கிவிட முடியும்?

“அக்கா, கிளிப்பையெல்லாம் எடுத்துருங்க,” என்றார் தில்ஷாத்.

“ஏனுங்க டீச்சர்? பிரிச்சது சரியில்லைங்களா?”

“அருமையாப் பிரிச்சிருக்கீங்க. எடுத்துட்டுத் தலையத் துவட்டி விடுங்க.”

“கையெழுத்துத்தான் வாங்கிட்டேனுங்களே!”

“நானும் பார்த்தேன்.”

தில்ஷாத் எழுந்துவந்து படிவத்தை மைதிலியின் மடியில் வைத்தார். “இது உங்களோடது. கிழிச்சுப் போட்டாலும் சரிதான்.” சரோஜாவிடம் திரும்பி, “பத்து நிமிஷம் குடுங்கம்மா,” என்றார். சரோஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கனகவல்லிக்கும்தான்.

கிண்ணம், க்ரீம், சீப்பு, டவல் எல்லாம் பைக்குள் திரும்பின. பையைக் கீழே கொண்டுபோய் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார் டீச்சர். கனகவல்லி பூட்டினாள். அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. சாவியை வெடுக்கென்று உருவினாள்.

“அந்தப் பொண்ணு கைப்பட அவளே போட்டது, டீச்சர். நானா போட்டேன்? அது ஏன் செல்லாதுங்கறீங்க?”

“போடறப்போ அவங்க முடி எங்க இருந்துச்சுங்க அக்கா?”

கனகவல்லி பதில் சொல்ல வாயெடுத்தாள். தன்னையறியாமல் இடது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப மேல போய்க் கேளுங்க,” என்றார் தில்ஷாத். “என்ன பூசப்போறோம், அது முடிய என்ன பண்ணும், மண்டை எரிஞ்சா என்ன செய்யோணும், எல்லாத்தையும் சொல்லுங்க. அப்புறம் வேணுமான்னு கேளுங்க. கேட்டுட்டு வாய மூடிக்கோங்க. அந்தக் கடைசிதான் சிரமம்.”

காலிங் பெல் அடித்ததும் மைதிலியே வந்து கதவைத் திறந்தாள். துவட்டிய முடி அதற்குள் சுருளத் தொடங்கியிருந்தது. தில்ஷாத் நாலடி தள்ளி, லிஃப்ட் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

சீப்பில்லாமல் ஒரு தலைக்கு முன்னால் நின்று கனகவல்லிக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முன்னால் கட்டினாள், பின்னால் கட்டினாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். மருந்து போட்ட முடி போட்டதுதான், புதுசாக வளர்கிற முடியில்தான் சுருள் திரும்பி வரும் என்றாள். மருந்து சிலருக்கு எரியும், பாதியில் எரிந்தாலும் நிறுத்தச் சொல்லலாம், உடனே கழுவிவிடுவேன் என்றாள். இத்தனையும் படிவத்தில் அச்சாகித்தான் இருந்தது. வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

“உனக்கு இது வேணுமா கண்ணு?”

கேட்டுவிட்டு வாயை மூடினாள். டீச்சர் சொன்னது பொய்யில்லை, சிரமமாகத்தான் இருந்தது. ‘போட்டா அம்சமா இருக்கும்’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

மைதிலி உள்ளே ஒரு முறை பார்த்தாள். பிறகு கனகவல்லியின் வெறும் கைகளைப் பார்த்தாள்.

“வேண்டாங்கக்கா.”

சொன்ன பிறகு அவளே கொஞ்சம் மிரண்டுபோன மாதிரி இருந்தது.

“ஏன் கண்ணு?” என்று கேட்டுவிட்டாள் கனகவல்லி.

“காரணம் எழுத நம்ம ஃபார்ம்ல இடமே இல்லைங்க அக்கா,” என்று லிஃப்ட் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

சரோஜா வேகமாக வெளியே வந்தார். “என்னடி இது? இத்தனை நேரம் வாய மூடிட்டு உக்காந்திருந்தே! இவங்க இல்லாட்டி என்ன, வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்.”

“யாரு வந்தாலும் இதையேதாம்மா சொல்லுவேன்,” என்றாள் மைதிலி. இந்தத் தடவை குரல் மிரளவில்லை.

சரோஜா மகளைப் பார்த்தார், முடியைப் பார்த்தார், வந்தவர்களை முறைத்தார். கதவு சாத்தப்பட்டது. கதவுக்குப் பின்னால் இரண்டு குரல்கள் கேட்டன. இரண்டும் சம உயரத்தில் இருந்தன.

கீழே வந்து ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றாள் கனகவல்லி. வந்த வேலை போயிற்று. தேர்வும் போயிற்று. இனி எத்தனை மாதம் இந்தப் பையைத் தூக்க வேண்டுமோ. ஆனால் அந்தப் பெண்ணின் குரல் காதிலேயே நின்றது. அதை நினைத்தால் ஏனோ கோபம் வரமாட்டேன் என்றது.

“நாளையிலருந்து நீங்க தனியாப் போகலாம்,” என்றார் தில்ஷாத்.

கனகவல்லி நிமிர்ந்தாள். “விளையாடாதீங்க டீச்சர். ஒரு முடியக்கூட நான் தொட்டு முடிக்கலையே.”

“முடி வேலை உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்.”

“அப்ப எதுலங்க தேறினேன்? அந்தப் பொண்ணு வேண்டாம்னுதான சொன்னா?”

தில்ஷாத் தலைக்கவசத்தை மாட்டினார்.

“உங்க பார்லர் நாற்காலியில உக்காந்தவங்கள்ல எத்தனை பேரு உங்ககிட்ட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க?”

கனகவல்லி யோசித்தாள். வரிசையாக முகங்கள் வந்தன. ஈரத் தலையோடு கண்ணாடியில் தெரிந்த முகங்கள்.

“ஒருத்தரும் சொன்னதில்லைங்க.”

“ஏன்னா, அக்கா,” என்றார் தில்ஷாத், “இன்னிக்குத்தான் நீங்க கேட்டீங்க.”