வெட்டுக்கிளிக்குக் காது கொடுத்த ராஜா

ரொம்ப காலத்துக்கு முன்னே, மழை விடாத மலைநாடு ஒன்றை வில்லவராயன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், வாய்தான் ஓயாது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்து, "இது ரசமா? இப்படிக் கசக்கிறதே!" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ராணி என்னவோ சொல்ல வந்தாள். யார் கேட்டது? மூட்டையைக் கட்டிக்கொண்டு பிறந்தகம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ராஜாவுக்குத் தூக்கம் இல்லை. பழி யார் மேல்? அரண்மனைக்குப் பின்னால் காட்டில் பாடும் பச்சை வெட்டுக்கிளிகள் மேல்! இலை மாதிரியே இறக்கை. அதை உரசி உரசித்தான் பாட்டு.

"காட்டையே வெட்டிவிடலாம் மகாராஜா," என்றார் சபையில் இருந்த சண்டேசர். அமைச்சர் பதவி மேல் அவருக்கு நெடுநாளாகக் கண். "அமைச்சர் காரியாருக்குத்தான் காடென்றால் உயிராயிற்றே, அவர் வேண்டுமானால் அதுகளை அடக்கிக் காட்டட்டும்."

"சரி, இன்றைக்கு அடக்கினால் காடு பிழைத்தது. இல்லையென்றால் கோடாலிதான்," என்றார் ராஜா.

"அடக்க நான் எதற்கு? மகாராஜா போய் நின்றாலே போதும்," என்றார் காரியார்.

பொழுது சாய்ந்ததும் போனார்கள். ராஜாவின் காலடி விழுந்ததுதான் தாமதம், காடு கப்சிப். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது.

"பார்த்தீரா மரியாதையை?"

"பார்த்தேன். இனி கொஞ்சம் அசையாமல், பேசாமல் இருங்கள்."

இருந்தார், பாவம், முகமெல்லாம் சிவக்க. ஒரு கிளையில் 'ட்சிக் ட்சிக் ட்சிக்'. நின்றது. எதிர்க்கிளையிலிருந்து மெல்லிசாக ஒரு 'ட்சிக்'.

"ஏன் நிறுத்திற்று?" ராஜா கிசுகிசுத்தார்.

"பாடினது ஆண். பதில் சொன்னது பெண். இவன் நிறுத்தாவிட்டால் அவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியாதே."

ராஜா யோசித்தார். "காரியாரே, ராணி அன்றைக்கு என்ன சொன்னாள்?"

"யாருக்குத் தெரியும் மகாராஜா? தாங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள்."

"கோடாலியெல்லாம் தயார் மகாராஜா!" என்று கத்திக்கொண்டே வந்தார் சண்டேசர். காடு மறுபடி அடங்கிவிட்டது.

"ஐயோ, வாயை மூடுமய்யா! ஒரு கிளையைக்கூட யாரும் தொடக்கூடாது. நீர் தினமும் சாயங்காலம் இங்கே வந்து உட்காரும். உம் தலைப்பாகையில் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்து பாடும்வரை சபையில் உமக்குப் பேச்சு கிடையாது!"

முத்துமாலையைக் கழற்றிக் காரியார் கழுத்தில் போட்டுவிட்டு, நேரே மாமனார் வீட்டுக்குப் போனார் ராஜா.

"அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"அது ரசமே இல்லை," என்றாள் ராணி. "உங்கள் இருமலுக்கு நானே வைத்த கஷாயம்." அன்றைக்குப் போலவே ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

ராஜா மடக் மடக்கென்று குடித்தார். கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது.

"இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?" என்றார்.